அசல் மஸில் காரும் திரைப்படக் காரும்: மதிப்பின் இரு அளவுகோல்கள்

1960களின் நடுப்பகுதிக்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையே அமெரிக்காவின் டெட்ராய்ட் நிறுவனங்கள் தயாரித்த அதிவேகக் கார்களை இன்று வாங்க முனைவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே இயன்றவரை காக்கப்பட்ட ஓர் அசல் காரை வாங்கலாம். அல்லது ஏதேனும் ஒரு திரைப்படத்தில் ஓடிப் புகழ்பெற்ற காரையோ, அதன் சாயலில் கட்டப்பட்ட ஒன்றையோ வாங்கலாம். ஏலப் பட்டியல்கள் இவ்விரு வகையையும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சிட்டாலும், இரண்டின் மதிப்பும் வேறுவேறு அளவுகோல்களால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும், முதல் வகைக்கு இழுக்காகக் கருதப்படும் மாற்றமே இரண்டாம் வகைக்குச் சான்றாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மஸில் கார் என்று பொதுவாகக் குறிக்கப்படுவது, நடுத்தர அளவுள்ள, விலை மிகாத, இரண்டு கதவுகள் கொண்ட ஒரு சாதாரணக் காரின் உடலுக்குள், பெரிய கார்களுக்கென வடிவமைக்கப்பட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி விற்கப்பட்ட வாகனமாகும். இவ்வகையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் ஏற்பது 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வகுத்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெ மான்ஸ் காருக்கான ஒரு கூடுதல் தேர்வுத் தொகுப்பாக அறிவித்து அவ்விதியைக் கடந்து, 389 கன அங்குல எஞ்சினை உள்ளே வைத்தனர். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. தனி மாடலாக இல்லாமல் தேர்வுத் தொகுப்பாக விற்கும் இந்த உத்தி அன்று நிர்வாக விதியை ஏய்க்கும் சாமர்த்தியமாக மட்டுமே தோன்றியிருக்கக்கூடும். ஆனால் பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றியதால், அரை நூற்றாண்டுக்குப் பின் எது அசல், எது போலி என்று பிரித்தறியும் வேலையைக் கடினமாக்கியதும் அதுவே.

ஒரு காரின் அசல்தன்மையை நிறுவுவதற்குச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது எண் பொருத்தம். காரின் அடையாள எண்ணில் தயாரிப்பு ஆண்டு, ஆலை, உடல்வகை முதலியன குறியீடுகளாக இருக்கும். 1960களின் இறுதியில் அந்த எண்ணின் ஒரு பகுதி எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பொறிக்கப்படும் வழக்கம் பரவியது. மூன்றும் பொருந்தினால், அக்கார் தன்னுடைய முதல் எஞ்சினோடு இருக்கிறது என்று பொருள். இத்தகைய கார்கள் பெரும்பாலும் இளைஞர்களால் பந்தய வேகத்தில் ஓட்டப்பட்டு, எஞ்சின் வெடித்து, வேறு எஞ்சின் பொருத்தப்பட்டவை என்பதால் இப்பொருத்தம் அரிது. அரிது என்பதாலேயே விலையும் அதிகம்.

எண்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவு பேசுவதில்லை. கிரைஸ்லர் நிறுவனத்தின் எண்ணில் ஐந்தாம் எழுத்து எஞ்சினைக் குறிப்பதால், 426 கன அங்குல ஹெமி எஞ்சினோடு ஆலையை விட்ட காரை அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுக்கும். செவர்லேயின் நிலை வேறு. 1969 முதல் 1971 வரையிலான செவெல் கார்களில் எஸ்.எஸ். என்பது தேர்வுத் தொகுப்பாக விற்கப்பட்டதால், அடையாள எண்ணை மட்டும் வைத்து ஒரு கார் எஸ்.எஸ். வகையா, சாதாரண மாலிபுவா என்று சொல்ல இயலாது. 1970ஆம் ஆண்டு எல்.எஸ்.6 எஞ்சினோடு உருவான செவெல் கார்கள் 4,475 மட்டுமே. அந்த எஞ்சினும் முத்திரைகளும் பின்னர் பொருத்தப்பட்ட சாதாரண செவெல்கள் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. இத்தகைய போலிகளைச் சந்தையில் குளோன் என்பர்.

ஆகவே எண்ணுக்கு அப்பால் ஆவணம் தேவைப்படுகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் 1967 முதலான தயாரிப்புத் தரவுகளைக் கொண்டு கெவின் மார்ட்டி என்பார் வழங்கும் மார்ட்டி அறிக்கை, குறிப்பிட்ட கார் எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு, எந்த விற்பனையகத்துக்கு அனுப்பப்பட்டது என்பதைச் சொல்கிறது. போன்டியாக் கார்களுக்கு ஆலையின் விலைப்பட்டியல் நகல்கள் கிடைக்கின்றன. கிரைஸ்லர் கார்களில், உற்பத்தி வரிசையில் தொழிலாளர் பார்வைக்கு வைத்த தயாரிப்புத் தாள் சில வேளைகளில் இருக்கையின் அடியிலோ தரைவிரிப்பின் கீழோ அகப்படும். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்களுக்கு இத்தகைய காப்பகம் இல்லை. ஒரு காலத்தில் குப்பையாக எறியப்பட்டிருக்க வேண்டிய அந்தத் தாள், இன்று ஒரு காரின் விலையைப் பல மடங்கு உயர்த்தும் சான்றாகிவிட்டது. அதனாலேயே எஞ்சின் எண்ணை அரைத்தெடுத்து வேறு எண் பொறிக்கும் மோசடியும் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது.

திரைப்படக் கார் என்பது இதற்கு நேர் எதிரான சூழலில் பிறக்கிறது. படப்பிடிப்பில் ஒரே காராகத் தோன்றுவது நடைமுறையில் பல கார்கள். நடிகரின் முகத்தோடு அண்மைக் காட்சிகளில் வருவது ஹீரோ கார். பாய்ச்சல்களுக்கும் மோதல்களுக்கும் வலுவூட்டப்பட்டது ஸ்டண்ட் கார். படத்தில் ஒரு சட்டகத்தில்கூட வராமல் விளம்பரத்துக்காக மட்டும் ஊர் சுற்றியது விளம்பரக் கார். தயாரிப்பாளருக்கு இவை எல்லாமே செலவுப் பொருள்கள். 1971ஆம் ஆண்டின் ‘வேனிஷிங் பாயின்ட்’ படத்தின் இறுதியில் வெள்ளை டாட்ஜ் சாலெஞ்சர் புல்டோசர்களில் மோதி எரிவதாகக் காட்டப்படுகிறது. உண்மையில் எரிந்தது எஞ்சின் நீக்கப்பட்ட ஒரு 1967 கமாரோ. 1977ஆம் ஆண்டின் ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படத்துக்குப் போன்டியாக் அளித்தவை 1976ஆம் ஆண்டின் டிரான்ஸ் ஆம் கார்கள். அவற்றின் முன்பகுதியில் 1977 மாடலின் முகப்பு பொருத்தப்பட்டது. எண் பொருத்தத்தை வேதமாகக் கொள்ளும் சேகரிப்பாளர் இக்காரைத் திரைப்படம் என்ற பெயர் நீக்கிப் பார்த்தால், முகப்பு மாற்றப்பட்ட பழைய கார் என்று சொல்லித் தள்ளிவிடுவார். அதே படம் வந்தபின் டிரான்ஸ் ஆம் விற்பனை 1977இல் 68,745 ஆகவும் 1979இல் 1,17,108 ஆகவும் உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று அசல் என்று போற்றப்படும் டிரான்ஸ் ஆம்களில் கணிசமானவை, ஒரு போலி முகப்பைத் திரையில் கண்டு மயங்கியவர்கள் வாங்கியவை.

இவ்விரு அளவுகோல்களும் ஒரே காரில் சந்தித்த நிகழ்வு ஒன்று உண்டு. அதை விரிவாகக் காண்பது பயன் தரும். பீட்டர் யேட்ஸ் இயக்கி, ஸ்டீவ் மெக்குவீன் நடித்து 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் துரத்தல் காட்சி, அதற்குப் பிந்தைய துரத்தல்கள் அனைத்துக்கும் இலக்கணமாயிற்று. படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதே காட்சியில் வில்லனின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் நான்குக்கும் மேற்பட்ட சக்கர மூடிகளை உதிர்ப்பதை ரசிகர்கள் எண்ணிச் சிரிப்பதும் இன்றுவரை தொடர்கிறது. படத்துக்கென ஒரே பச்சை நிறத்தில் அடுத்தடுத்த எண்கள் கொண்ட இரண்டு மஸ்டாங் ஜி.டி. கார்கள் வாங்கப்பட்டன. ஹீரோ காரின் அடையாள எண் ‘8 ஆர் 02 எஸ் 125559’. முதல் 8 என்பது 1968ஆம் ஆண்டு. ‘ஆர்’ கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 02 பின்புறம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் உடல். ‘எஸ்’ 390 கன அங்குல எஞ்சின். எஞ்சியது வரிசை எண். பந்தயக் கார் வல்லுநர் மேக்ஸ் பால்ச்சாவ்ஸ்கி இவற்றின் சஸ்பென்ஷனை வலுப்படுத்தினார். முகப்பில் இருந்த குதிரைச் சின்னம் அகற்றப்பட்டு, சக்கரங்களும் மாற்றப்பட்டன.

படப்பிடிப்பு முடிந்ததும் ஹீரோ கார் ஸ்டுடியோ ஊழியர் ஒருவரிடம் போய், பின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு துப்பறியும் அதிகாரியிடம் சேர்ந்து, 1974இல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்துக்கு விற்கப்பட்டது. அக்குடும்பம் அதைக் கண்காட்சிப் பொருளாக்காமல் அன்றாட வண்டியாகவே ஓட்டியது. 1977இல் மெக்குவீனே கடிதம் எழுதித் திரும்பக் கேட்டும் கார் கிடைக்கவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் பழுதாகி நிறுத்தப்பட்ட கார், 2018 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் வெளிப்படும் வரை பொது உலகின் பார்வையில் இல்லை. பின்னர் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்று, வாஷிங்டன் நகரின் தேசியத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 10 அன்று ஃபுளோரிடாவின் கிசிமியில் நடந்த மீக்கம் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்து, கட்டணம் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைக்கு எந்த மஸ்டாங்கும் அதுவரை பெறாத விலை அது.

இவ்விலை எதன்மேல் நின்றது என்பதே ஆராயத்தக்கது. காரின் பெயிண்ட் உரிந்திருந்தது, துரு இருந்தது, தொழிற்சாலைச் சின்னங்கள் இல்லை. அசல் மஸில் கார் ஒன்றில் இவை ஒவ்வொன்றும் விலையைக் குறைத்திருக்கும். இங்கோ கேமராவைத் தாங்குவதற்காகக் கதவுகளுக்குக் கீழே உடலோடு பற்றவைக்கப்பட்ட இரும்புத் தாங்கிகள்தாம் திரையில் ஓடியதற்கான உடற்சான்றாயின. சுவடிப் பதிப்பாசிரியர் எழுத்தர் செய்த பிழையைக் கொண்டே சுவடியின் வழிமரபை அறிவது போல, இந்தக் காரின் நம்பகத்தன்மை அதன் சேதங்களில் இருந்தது. ஆனாலும் அந்தத் தழும்புகள் மட்டும் போதவில்லை. தொழிற்சாலை எண், ஸ்டுடியோ தொடர்பான ஆவணங்கள், மெக்குவீனின் கடிதம், ஒரே குடும்பத்தின் நெடிய உடைமை ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியாகக் கோர்த்துக் கிடந்ததால்தான் விலை நின்றது. திரைப்படக் காருக்கும் இறுதியில் அடித்தளம் தொழிற்சாலை எண்ணே என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இதன் மறுபாதியாக அமைந்தது ஸ்டண்ட் காரின் கதை. 125558 என்ற வரிசை எண் கொண்ட அது படப்பிடிப்பில் நொறுங்கி, உடைப்புக் கிடங்குக்குப் போய் அழிந்துவிட்டதாகவே நம்பப்பட்டது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் ஒருவர் அதன் எலும்புக்கூட்டை வாங்கியது, 2000ஆம் ஆண்டின் ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தில் வரும் எலெனார் காரின் நகலாக அதை மாற்றுவதற்காக. வேலை தொடங்கும் நேரத்தில் எண்ணைத் தேடிப் பார்த்ததால் உண்மை தெரியவந்து, 2017இல் மார்ட்டி அதை உறுதிசெய்தார். உண்மையான ஒரு திரைப்படக் கார், வேறொரு திரைப்படக் காரின் போலியாக மாறும் விளிம்பில் நின்றது என்பதைவிட இச்சந்தையின் மனப்போக்கை விளக்கும் செய்தி கிடைப்பது அரிது.

பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் விஷயத்தில் இரு வகைகளின் முரண் இன்னும் கூர்மையாகிறது. அசல் காரை ஆலை நிலைக்கு மீட்பதற்கு ஒரு திட்டமான இலக்கு உண்டு. எந்த நிறம், எந்தக் குழாய், எந்தத் திருகு என்பதை ஆவணங்கள் சொல்லும். திரைப்படக் காரை எந்த நாளின் நிலைக்கு மீட்பது? 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்டு’ தொலைக்காட்சித் தொடரின் ஆரஞ்சு நிற ஜெனரல் லீ இதற்கு உதாரணம். 147 பகுதிகளுக்காக ஏறத்தாழ 300 டாட்ஜ் சார்ஜர்கள் பயன்பட்டன. பாயும்போது எடைமிகுந்த முன்பகுதி குப்புறச் சாயாதிருக்கப் பின்பெட்டியில் மணல் மூட்டையோ கான்கிரீட்டோ நிரப்பப்பட்டதும், தரையில் விழுந்ததும் உடல் வளைந்து ஒரே பாய்ச்சலில் பெரும்பாலான கார்கள் பயனற்றுப் போனதும் பதிவாகியுள்ளன. சார்ஜர்களின் அரிய தன்மைக்கு இத்தொடரும் ஒரு காரணம் என்று அசல் கார் ஆர்வலர்கள் சொல்வதில் மனக்கசப்பு இல்லாமலில்லை. 1978 நவம்பரில் ஜார்ஜியாவில் படமாக்கப்பட்ட முதல் பாய்ச்சலின் கார், உடைப்புக் கிடங்கில் பல்லாண்டு கிடந்து, மீட்கப்பட்டு, பளபளப்பாகப் புதுப்பிக்கப்பட்டு, 2012இல் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் கோல்ஃப் வீரர் பப்பா வாட்சனால் 1,10,000 டாலருக்கு வாங்கப்பட்டது. பாய்ச்சலில் நசுங்கிய உலோகமே அக்காரின் வரலாறு என்றால், அதை நிமிர்த்தியபின் வரலாற்றில் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வி எழுகிறது. ‘புல்லிட்’ காரின் விலையோடு ஒப்பிட்டால் சந்தையும் ஏதோ ஒரு விடை சொல்லியிருக்கிறது. 2015இல் அக்காரின் கூரையில் இருந்த, உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியின் மேல் அமெரிக்கக் கொடியை வரையப்போவதாக வாட்சன் அறிவித்தபோது, திரைப்பிம்பத்தோடு சேர்ந்து அதன் அரசியல் சுமையையும் உரிமையாளர் வாங்குகிறார் என்பது வெளிப்பட்டது. ஆலை நிறத்தில் நிற்கும் சார்ஜருக்கு இந்தச் சுமை இல்லை.

ஆஸ்திரேலியாவின் ‘மேட் மேக்ஸ்’ படத்தின் 1973 ஃபோர்டு ஃபால்கன், வேறொரு கோணத்தில் பொருட்படுத்தத்தக்கது. அதன் பானெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி, வெறும் அலங்காரம், இயங்குவதுபோல் காட்டப்பட்டது. திரை தரும் வேகம் எஞ்சினில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சொல்லித் திரைப்படக் காரை எள்ளுவோர், அசல் கார்களின் குதிரைத்திறன் கணக்கும் நாடகம் கலந்ததே என்பதை மறந்துவிடுகின்றனர்: 1971 வரை நிறுவனங்கள் வெளியிட்டது, மின்னாக்கியும் சைலன்ஸரும் இன்றி எஞ்சினைத் தனியே மேடையில் இயக்கி அளந்த மொத்தத் திறன். 426 ஹெமிக்கு அவ்வகையில் 425 குதிரைத்திறன் சொல்லப்பட்டது. காரில் பொருத்திய நிலையில் அளக்கும் நிகரத் திறன் 350 மட்டுமே.

மேற்கண்ட இரண்டுக்கும் அப்பால், திரைப்படக் கார் வாங்குவதாகச் சொல்பவர்களில் மிகப்பெரும்பாலோர் உண்மையில் வாங்குவது நகல். எலெனார் இதன் உச்சம். படத்துக்காகச் சாதாரண 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்குகளை எடுத்து, ஷெல்பி ஜி.டி.500 போல் தோன்றும்படி, ஆனால் எந்த ஷெல்பியிலும் இல்லாத உடல்வளைவுகளோடு ஏறத்தாழ 11 கார்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒரு ஹீரோ கார் 2013இல் இண்டியானாபொலிஸ் ஏலத்தில் 10 லட்சம் டாலர் பெற்றது. ஆக, எலெனாரே ஒரு வகை நகல். அதன் நகல்கள் நகலின் நகல்கள். மஸ்டாங்கின் உடற்கூட்டைப் புதிய எஃகில் முழுமையாகச் செய்து விற்கும் நிறுவனங்களும் இருப்பதால், 1967இன் ஒரு துண்டு உலோகம்கூட இல்லாத எலெனார் கட்டவும் இயலும்.

இந்நகல்களைத் தொடர்ந்து நெடிய வழக்குகள் எழுந்தன. 1974இல் முதல் ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தை எடுத்த ஹாலிக்கியின் மனைவி, எலெனார் ஒரு கதாபாத்திரம் என்றும் அதன் காப்புரிமை தமக்கே உரியது என்றும் நகல் தயாரிப்பாளர்கள்மீது உரிமை கோரிவந்தார். பேட்மேனின் காரான பேட்மொபைல் காப்புரிமைக்கு உட்பட்ட கதாபாத்திரமே என்று 2015இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால் அக்கோரிக்கைக்கு வலு இருந்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில், எலெனாருக்குத் தொடர்ச்சியான தோற்றமோ குணமோ தனித்துவமோ இல்லை என்று கூறி, அது கதாபாத்திரம் அன்று என்று தீர்த்தது. ஒரு படத்தில் மஞ்சள் மஸ்டாங், இன்னொன்றில் சாம்பல் நிற ஷெல்பி என்று அது மாறிக்கொண்டே இருந்தது. எலெனார் நகல் வைத்திருப்போர் பறிமுதல் அச்சத்திலிருந்து இதனால் விடுபட்டனர் எனலாம். அதேவேளை, யாரும் கட்டலாம் என்றாகிவிட்ட பொருளுக்கு அரிய விலை நிலைப்பது கடினம்.

விலைகளைக் கொண்டு மட்டும் இரு வகையில் எது மேல் என்று தீர்ப்பதும் எளிதன்று. 1971இல் மொத்தம் 11 மட்டுமே உருவான, கூரை மடங்கும் பிளிமத் ஹெமி குடா கார்களில் ஒன்று, எந்தப் படத்தின் துணையுமின்றி 2014இல் சியாட்டிலில் 35 லட்சம் டாலர் பெற்றது. அதே ஆண்டில் நடிகர் பர்ட் ரெனால்ட்ஸ் வைத்திருந்த டிரான்ஸ் ஆம் 4,50,000 டாலருக்கு விற்றது. அதுவோ ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படத்தில் ஓடாத, விளம்பரத்துக்குப் பயன்பட்ட கார். ‘புல்லிட்’ மஸ்டாங்கின் சாதனையும் ஆறு மாதம்தான் நின்றது: 2020 ஜூலையில், 1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜி.டி.350 பந்தய முன்மாதிரி ஒன்று 38.5 லட்சம் டாலருக்குப் போனது. பந்தயத்தில் அதை ஓட்டி வென்றவர் கென் மைல்ஸ்; அப்பெயரைப் பந்தய உலகுக்கு வெளியே பரப்பியது 2019இல் வந்த ‘ஃபோர்டு வி ஃபெராரி’ படம். திரையில் ஓடாத கார் திரையின் ஒளியால் விலை ஏறியதா, பந்தய வெற்றியால் ஏறியதா என்பதை எந்த ஏலத்தாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓட்டுவதற்காகவே வாங்குபவருக்கு இந்த வாதங்களில் பாதி தேவையற்றவை. பல வேளைகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு, ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள காரை ஓட்டுவதில் உள்ள இடர் இரு வகைக்கும் பொது. எண் பொருந்திய காரை மழையில் எடுக்க மனம் வராது. ஆவணமுள்ள திரைப்படக் காரை வீட்டு வாசலில் நிறுத்தவும் துணிவு வராது. எனவே அவருக்கு ஏற்றது, உடல் துருவின்றி, எஞ்சின் மாற்றப்பட்டதாக ஒளிவுமறைவின்றிச் சொல்லி விற்கப்படும் ஓர் அசல் மஸில் கார். முதலீடாக வாங்குபவர் ஆவணம் கொண்ட எண் பொருத்தமுள்ள காரையே நாடலாம். படம் மறக்கப்பட்டாலும் அந்த எண் பேசும். திரைப்படக் காரை வாங்குவதற்கு நியாயமான சூழல் ஒன்றே: தொழிற்சாலை எண், ஸ்டுடியோவின் தாள், கைமாறிய ஒவ்வோர் உரிமையாளரின் பெயர், படப்பிடிப்பு விட்டுச்சென்ற தழும்பு ஆகிய நான்கும் ஒருங்கே இருந்து, அவற்றை விற்பவரைச் சாராத ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அதை மாற்றம் செய்யப்பட்ட பழைய கார் என்ற விலைக்கு மேல் ஒரு டாலரும் கூடுதலாகத் தராமல் வாங்குவதே முறை.